செர்ரி ஸ்பிரிங்ஸில் கூடாரம் போட: எதை முதலில், எதை அப்புறம்

பென்சில்வேனியாவின் பாட்டர் கவுண்டியில், சஸ்குவஹானாக் அரசுக் காட்டின் நடுவில் இருக்கிறது செர்ரி ஸ்பிரிங்ஸ் ஸ்டேட் பார்க். பூங்கா வெறும் 82 ஏக்கர். சுற்றிலும் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் காடு. சுமார் 2,300 அடி உயரம். பக்கத்தில் பெரிய ஊர் கிடையாது, போனில் சிக்னல் வருவதே அபூர்வம். அதனால்தான் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இவ்வளவு இருட்டான வானம் இங்கே மிச்சம் இருக்கிறது.

நியூ ஜெர்சி, ஃபிலடெல்ஃபியா பக்கமிருந்து நம் ஆட்கள் குடும்பத்தோடு வருவதைப் பார்க்கிறேன். தடுமாறுகிறவர்களிடம் சாமான் எதுவும் குறைவதில்லை. பெரும்பாலும் வேலையை வரிசை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். மற்ற முகாம்களில் இருட்டிய பிறகும் டார்ச் அடித்துக் கூடாரம் போடலாம், கார் வெளிச்சத்தில் சமைக்கலாம். இங்கே அது முடியாது. உங்கள் டார்ச் வெளிச்சம் பக்கத்தில் இருக்கிற ஐம்பது பேருடைய இரவைக் கெடுத்துவிடும். ஆகவே எல்லா வேலைக்கும் ஒரே கெடு, சூரியன் மறைவது. கீழே உள்ள வரிசை முழுக்க அந்தக் கெடுவை வைத்து அமைத்தது.

1. முதலில் நிலவு, அப்புறம் லீவு

பலர் நீண்ட வார இறுதியைப் பார்த்து முன்பதிவு செய்கிறார்கள். வந்து பார்த்தால் பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் பால்வீதி மங்கிப் போகும். ஐந்து மணி நேரம் ஓட்டி வந்ததற்குப் பலன் இருக்காது.

நாட்காட்டியில் அமாவாசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் மூன்று, நான்கு நாட்கள் நல்ல நாட்கள். அமாவாசைக்குப் பிறகான பிறை மாலையிலேயே மறைந்துவிடும். முந்தைய நாட்களின் பிறை விடியற்காலையில்தான் எழும். குழந்தைகளோடு வருகிறவர்கள் முன்னிரவில்தான் விழித்திருப்பார்கள், அவர்களுக்கு அமாவாசைக்கு முந்தைய நாட்கள் வசதி.

அடுத்து மாதம். ஜூன் கடைசியில் சூரியன் மறைய எட்டே முக்கால் தாண்டிவிடும். வானம் முழுசாக இருட்டப் பதினொரு மணி ஆகும். சின்னக் குழந்தைகள் அதற்குள் தூங்கிவிடுவார்கள். ஆகஸ்ட் நடுவில் பத்து மணிக்கு நல்ல இருட்டு. செப்டம்பர் கடைசியில் எட்டரைக்கே கிடைத்துவிடும், ஆனால் குளிர் கடுமை. முதல் முறை வரும் குடும்பத்துக்கு ஆகஸ்ட் பிற்பகுதியை நான் சிபாரிசு செய்வேன். பெர்சியிட் எரிகல் மழை உச்சத்துக்கு வரும் ஆகஸ்ட் 12, 13 தேதிகளை மட்டும் தவிருங்கள். எரிகல் நன்றாகத்தான் தெரியும், ஆனால் நீங்கள் தேடி வந்த அமைதி அந்த இரண்டு நாளும் இருக்காது.

பென்சில்வேனியா ஸ்டேட் பார்க்குகளில் 11 மாதம் முன்பே இடம் பிடிக்கலாம். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகள் சீக்கிரம் போய்விடும். முடிந்தால் செவ்வாய், புதனில் வாருங்கள்.

2. மூன்று இடங்களில் உங்களுக்கு எது?

முன்பதிவுப் பக்கத்தில் அதிகம் குழம்புவது இங்கேதான். பூங்கா ஒன்று, ஆனால் இரவைக் கழிக்க மூன்று தனித்தனி இடங்கள். விதிகளும் தனித்தனி.

முதலாவது, சாதாரண முகாம் மைதானம். முப்பது இடங்கள். மேஜை, நெருப்பு வளையம் உண்டு. மின்சாரம் இல்லை, குளியலறை இல்லை. கழிப்பறை தண்ணீர் ஊற்றாத குழிக் கழிப்பறை. சமைக்கலாம், விறகு எரிக்கலாம்.

இரண்டாவது, வானியல் மைதானம். மரம் மறைக்காத திறந்த புல்வெளி. இதற்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். கூடாரம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நெருப்பு கிடையாது, வெள்ளை வெளிச்சம் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும். உள்ளே போனால் இரவு முழுக்க இருக்க வேண்டும். நடுவில் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. டெலஸ்கோப்பும் கேமராவும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கான இடம் இது.

மூன்றாவது, பொதுமக்கள் பார்க்கும் பகுதி. சில மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். இரவு தங்க முடியாது.

குழந்தைகள் இருந்தால் முகாம் மைதானத்தில் கூடாரம், வானம் பார்க்கப் பொதுப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் குழந்தை அழுதால் கூடாரத்துக்குத் திரும்பிவிடலாம், பக்கத்தில் பல மணி நேரம் படம் எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் தொந்தரவு இல்லை. பெரியவர்கள் மட்டும் என்றால் தயங்காமல் வானியல் மைதானம்.

இடம் கிடைக்கவில்லையா? அதிக தூரம் இல்லாத லைமன் ரன், ஓலே புல் என்ற இரண்டு ஸ்டேட் பார்க்குகளில் முகாம் போட்டு, இரவில் இங்கே வந்து போகலாம். அங்கே குளிக்கவும் வசதி உண்டு. ஆனால் இரவு மலைச் சாலையில் திரும்பி ஓட்ட வேண்டும், மான்கள் குறுக்கே வரும். அதைச் சேர்த்து யோசித்து முடிவு செய்யுங்கள்.

3. படுக்கையைக் குளிருக்கு வாங்குங்கள்

ஜூலையில் நியூ ஜெர்சியின் எடிசனில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும். அந்த நினைப்பிலேயே ஒரு பெட்ஷீட்டோடு வந்து இறங்குகிறார்கள். இங்கே கோடை இரவிலும் 50 டிகிரிக்கு, அதாவது 10 டிகிரி செல்சியஸுக்கு, இறங்குவது சகஜம். செப்டம்பரில் 40-க்கும் கீழே போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேகம் ஒரு போர்வை மாதிரி நிலத்தின் சூட்டைப் பிடித்து வைக்கும். நீங்கள் வேண்டிக்கொண்டு வருவதோ மேகமே இல்லாத இரவு. அதாவது வானம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு குளிரும், அவ்வளவு பனியும் இறங்கும்.

முதலில் கீழே விரிப்பதைச் சரிசெய்யுங்கள். உயரமான காற்று மெத்தை வீட்டு விருந்தாளிக்கு நல்லது, காட்டுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரை வாங்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு சில்லிடும். முகாமுக்கான ஃபோம் பாய் வாங்குங்கள். தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்குக் கடையில் ஆர்-வேல்யூ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். இந்த இடத்துக்கு 3-க்குக் குறையாமல் பாருங்கள். கையில் காற்று மெத்தைதான் இருக்கிறது என்றால் அதன் மேல் ஒரு ஃபோம் பாயும் அதற்கு மேல் கம்பளியும் விரியுங்கள்.

தூங்கும் பையில் பெரிய எழுத்தில் இருக்கும் டிகிரியை அப்படியே நம்பாதீர்கள். பல பைகளில் அது சமாளிக்கக்கூடிய எல்லை, நிம்மதியாகத் தூங்கும் அளவு அல்ல. லேபிளில் கம்ஃபர்ட் என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கோடைக்குப் போதும்.

ஆளுக்கு ஒரு கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி காலுறை. ஒரு ஜோடியைப் படுக்கப்போகும்போதுதான் மாட்ட வேண்டும். நாள் முழுக்கப் போட்டிருந்த காலுறையில் வியர்வை ஈரம் இருக்கும், அதோடு படுத்தால் கால் விறைக்கும்.

4. சாப்பாடு: முதல் ராத்திரி சமைக்காதீர்கள்

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றம்தான். அடுப்பும் பிரியாணி அண்டாவுமாக வருவார்கள். ஆனால் வந்து சேர்ந்த அன்று கூடாரம், படுக்கை, கார் விளக்கு என்று இத்தனை வேலையும் இருட்டுவதற்குள் முடிய வேண்டும். அதற்கு நடுவில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று நின்றுவிடும். பெரும்பாலும் நிற்பது கூடாரம்.

முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். புளி இருப்பதால் மற்ற சாதங்களைவிடத் தாங்கும். வெறும் சாதமோ தேங்காய் சாதமோ கொண்டுவந்தால் ஐஸ் பெட்டியில் வையுங்கள். வெயிலில் நின்ற காரில் ஐந்து மணி நேரம் இருந்த சாதத்தைச் சாப்பிடக் கூடாது, வயிறு கெட்டால் இங்கே பாடு அதிகம். தயிரும் ஐஸ் பெட்டியில்தான். பெட்டியை நிரப்பக் கடை ஐஸ் கட்டிகளை நம்புவதைவிட, முந்தைய நாளே தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்குங்கள். மெதுவாகக் கரையும், கரைந்ததும் குடிக்கலாம்.

சமையல் மறுநாள் பகலில். உப்புமா, முட்டை, நூடுல்ஸ் என்று ஒரே பாத்திரத்தில் முடிவதாக இருக்கட்டும். சாதம் வடிக்கிற யோசனை வேண்டாம். கஞ்சியை ஊற்ற இடமில்லை. தரையில் ஊற்றினால் அந்த வாசனைக்கு விலங்கு வரும். பியூட்டேன் கேன் அடுப்பு குளிர்ந்த காலையில் மந்தமாக எரியும், காரணம் தண்ணீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரில் பியூட்டேன் ஆவியாகவே மறுக்கும். செப்டம்பர் பயணத்துக்குப் புரோப்பேன் சிலிண்டர் அடுப்பு நல்லது. எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள் பற்ற வைக்காதீர்கள், மழை பெய்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்குப் போட்டு வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்து வாருங்கள். பென்சில்வேனியா ஸ்டேட் பார்க்குகளில் மதுவுக்கு அனுமதி இல்லை.

விறகு மட்டும் வீட்டிலிருந்து வரக் கூடாது. மரப்பட்டைக்குள் இருக்கும் பூச்சி உங்களோடு பயணம் செய்து இங்கே குடியேறிவிடும். எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டு அப்படித்தான் ஊர் ஊராகப் பரவி ஆஷ் மரங்களை அழித்தது. பூங்காவுக்கு வரும் வழியில் விறகுக் கட்டு விற்பார்கள், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

5. முந்தின நாள் வீட்டில் செய்ய வேண்டியவை

உண்ணிக்கு மருந்து தெளிப்பது முதல் வேலை. பென்சில்வேனியாவில் லைம் நோய் பரவலாக இருக்கிறது. அதைப் பரப்பும் மான் உண்ணி எள் அளவுதான், குஞ்சு அதைவிடச் சிறியது. பேன்ட், காலுறை, ஷூ மேல் பெர்மெத்ரின் தெளித்து, வெளியில் நன்றாகக் காய விடுங்கள். காய நேரம் வேண்டும் என்பதால்தான் முந்தின நாளே. இது துணிக்கு மட்டும், தோலுக்கு அல்ல. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை கிட்டே விடாதீர்கள், அதற்கு விஷம். தோலுக்கு டீட் கலந்த மருந்தை அங்கே போய்ப் பூசிக்கொள்ளலாம்.

இரண்டாவது, போன். பாட்டர் கவுண்டி, டியோகா கவுண்டி முழுவதையும் வரைபடச் செயலியில் இறக்கி வையுங்கள். முன்பதிவுத் தாளை அச்சடித்து எடுங்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். அவசரத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனை கூடர்ஸ்போர்ட்டில் இருக்கும் யுபிஎம்சி கோல். அந்த வழியையும் வரைபடத்தில் சேமியுங்கள். அங்கே போய்த் தேட முடியாது.

மூன்றாவது, கூடாரத்தைப் பின்புறத்தில் ஒரு முறை விரித்துப் பாருங்கள். புதுக் கூடாரத்தின் பெட்டியைப் பூங்காவில்தான் பிரிக்கிறார்கள் பலர். ஒரு கம்பி குறைந்தால் அங்கே கடை இல்லை.

நான்காவது, கார் விளக்குகள். ராத்திரி கராஜில் நின்று கதவைத் திறந்து பாருங்கள், எங்கெங்கே விளக்கு எரிகிறது என்று. உள்கூரை விளக்கு, கதவடி விளக்கு, டிக்கி விளக்கு, கண்ணாடிக்குக் கீழே ஒன்று. சாவியோடு பக்கத்தில் போனாலே சில கார்கள் எல்லா விளக்கையும் போட்டு வரவேற்கும். எதை எந்த பொத்தானில் அணைப்பது என்று கையேட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கவே முடியாத விளக்குக்கு அட்டைத் துண்டும் பெயின்டர் டேப்பும்.

கிளம்பும் முன் கிளியர் ஸ்கை சார்ட் என்ற இணையதளத்தில் செர்ரி ஸ்பிரிங்ஸின் பக்கத்தைப் பாருங்கள். மணிக்கு மணி மேகம், ஈரப்பதம் எல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டும். கருநீலக் கட்டம் என்றால் தெளிவான வானம். அடுத்த இரண்டு நாளுக்கு மேல் எந்தக் கணிப்பையும் பெரிதாக நம்ப வேண்டாம்.

6. காலையிலேயே கிளம்புங்கள்

எடிசனிலிருந்து ஓட்டுகிற நேரம் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு அருகில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் குழந்தைகள், கழிப்பறை, காபி என்று இருட்டிவிடும். ஒன்பது மணிக்குக் கிளம்பி மூன்று, நாலு மணிக்குள் சேருங்கள்.

வடக்கே யு.எஸ். 15-ல் மான்ஸ்ஃபீல்ட் வந்து, யு.எஸ். 6-ல் மேற்காக வெல்ஸ்போரோ, கேல்டன் வழியாக வருவது எனக்குப் பிடித்த வழி. வழியில் ஊர்கள் இருக்கின்றன. ஜெர்சி ஷோர் என்ற ஊரிலிருந்து மலையேறும் பென்சில்வேனியா 44 சாலையும் நேராக இங்கேதான் வரும். வளைவுகள் அதிகம், வயிற்றைப் புரட்டும் குழந்தைகள் இருந்தால் யோசியுங்கள். வரைபடம் குறுக்குவழி என்று காட்டுச் சாலைக்குள் திருப்பினால் போகாதீர்கள். மண் சாலைகள், சிக்னல் இல்லை.

பெட்ரோல் டேங்க்கைக் கேல்டனிலோ கூடர்ஸ்போர்ட்டிலோ நிரப்பிவிடுங்கள். மறந்த சாமானை வாங்கவும் அதுவே கடைசி இடம்.

7. வந்ததும் கூடாரம், வேறெதுவும் இல்லை

இறங்கியதும் நாற்காலி போட்டு டீ குடிக்கத் தோன்றும். முதலில் மேலே பாருங்கள். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியில் கூடாரம் கூடாது, காற்றடித்தால் அது உங்கள் மேல்தான் விழும். அப்புறம் கீழே. கொஞ்சம் மேடான, தண்ணீர் தேங்காத தரை. நெருப்பு வளையத்திலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கத்தில். பொறி பறந்தால் நைலான் நொடியில் ஓட்டையாகும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். நல்லதுக்கு என்று பெரிதாக விரித்து ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழைநீர் அந்த ஓரத்தில் இறங்கிக் கூடாரத்துக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே தேங்கும். நீட்டியிருப்பதை உள்ளே மடித்துவிடுங்கள்.

முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடியுங்கள். மழை வரவில்லை என்றாலும் மேல்விரிப்பைப் போட்டே ஆக வேண்டும், இங்கே பனி அப்படி இறங்கும். ஆனால் அதன் காற்றுத் திறப்புகளை மூடாதீர்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் மூச்சு ஈரம் உள்ளே படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

வானியல் மைதானத்தில் என்றால் நாற்காலியும் கூடார வாசலும் தெற்கைப் பார்த்திருக்கட்டும். காரை, காலையில் ரிவர்ஸ் எடுக்காமல் போகும்படி முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள். ரிவர்ஸ் விளக்கு வெள்ளை.

கூடாரம் நின்றதும் படுக்கைகளை விரித்து, தொப்பி, காலுறை, தண்ணீர் எல்லாவற்றையும் அவரவர் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். ராத்திரி தடவினால் கைக்குக் கிடைக்க வேண்டும். பிறகு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கழிப்பறைக்கு ஒரு முறை நடந்து வாருங்கள். பகலில் நடந்த பாதையில்தான் இருட்டில் பயமில்லாமல் போவார்கள்.

8. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது

இப்போது சாப்பிடுங்கள். நல்ல வயிறு நிறைய. காரணம், இதற்குப் பிறகு உணவுப் பெட்டி காருக்குள் போய்க் கதவு பூட்டப்படும். காலைவரை திறக்கப் போவதில்லை.

இது கருங்கரடி நடமாடும் காடு. கரடி ஆட்களைத் தேடி வராது, வாசனையைத் தேடி வரும். முறுக்கு டப்பா, ஊறுகாய், பிஸ்கட், பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய், குப்பைப் பை எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். கூடாரத்துக்குள் இவற்றில் எதுவும் இருக்கக் கூடாது. குழந்தையின் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள், கடலை மிட்டாய் இருக்கும். வெளியே கழற்றி விட்ட ஷூக்களையும் உள்ளே எடுங்கள். முள்ளம்பன்றி உப்புக்காக வியர்வை ஊறிய தோலைக் கடிக்கும்.

ஃபிளாஸ்க்கில் டீ போட்டுக்கொள்ளுங்கள், நள்ளிரவில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. சர்க்கரை போட்ட டீ என்பதால் படுக்கும் முன் ஃபிளாஸ்க்கை இறுக மூடிக் கழுவிய துணியால் துடைத்து, கூடாரத்திலிருந்து தள்ளி மேஜை மேல் விடாமல், காருக்குள் வைக்க வேண்டும். கார் விளக்கை அணைத்து வைத்திருந்தால் அது முடியும். இல்லையென்றால் சர்க்கரை இல்லாத டீயும் வேண்டாம், வெந்நீர் போதும்.

ஆகவே கார் விளக்கு வேலை இப்போது. கராஜில் ஒத்திகை பார்த்ததை அப்படியே செய்யுங்கள்: உள்விளக்கு அணைத்து, தானியங்கி முகப்பு விளக்கை நிறுத்தி, மிச்சத்துக்கு டேப் ஒட்டி, ஒரு முறை கதவைத் திறந்து மூடிச் சோதியுங்கள். பூட்டும்போது ரிமோட்டை அழுத்தாதீர்கள், நான்கு பக்கமும் மின்னும். கதவிலுள்ள பொத்தானால் அல்லது சாவியைத் திருப்பிப் பூட்டுங்கள்.

இந்த ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டரை. மைதானம் முழுக்கத் தாழ்ந்த குரல்கள், எங்கோ ஒரு கேமரா ஷட்டர் சத்தம். ஒரு அம்மா குழந்தையின் ஸ்வெட்டரை எடுக்கக் கார்க் கதவைத் திறந்தார். உள்கூரை விளக்கு, கதவடி விளக்கு, முகப்பு விளக்கு எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டு மைதானத்தின் பாதி வெளுத்துவிட்டது. பதறி ரிமோட்டை அழுத்தினார், அலாரம் அலறியது. யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் அத்தனை பேருடைய கண்ணும் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஸ்வெட்டரை ஏழு மணிக்கே எடுத்து வைத்திருக்கலாம்.

9. இருட்டிய பிறகு

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். விழித்திரையில் மங்கலான ஒளியைப் பிடிக்கும் செல்களில் ஊதா நிற வேதிப்பொருள் மெல்ல மெல்லச் சேர வேண்டும். ஒரு நொடி வெள்ளை ஒளி பட்டாலே அது சிதைந்துவிடும். அந்தச் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் சிவப்பு விளக்குக்கு மட்டும் அனுமதி.

தலையில் மாட்டும் விளக்கு வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். மலிவான பலவற்றில் சிவப்புக்குப் போக, வெள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பளீரென்று அடிக்கும். சிவப்புக்குத் தனிப் பொத்தான் உள்ளதை வாங்குங்கள், அல்லது கண்ணாடி மேல் சிவப்பு டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். போனில் நைட் மோட் போதாது. ஐபோனில் அக்சஸிபிலிட்டி அமைப்பில் கலர் ஃபில்டர் என்று இருக்கும். அதில் கலர் டின்ட்டைச் சிவப்பில் வைத்து, வெளிச்சத்தை முழுக்கக் குறையுங்கள். குழந்தைகளின் மின்னும் ஷூக்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

முகாம் மைதானத்தில் நெருப்பு போட்டிருந்தால் வானம் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். சூடு தெரியக் கூடாது. இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டுவரை அமைதி நேரம். பாட்டு வேண்டாம், மெல்லிய சத்தத்திலும் வேண்டாம். இங்கே சத்தம் ரொம்ப தூரம் போகும்.

இனி வானம். ஆகஸ்ட் நடுவில் பத்து மணிக்குத் தெற்கே திரும்பி உட்காருங்கள். தென்மேற்கில் தாழ்வாக, செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம்: கேட்டை. அதைப் பிடித்து இடது பக்கம் கீழே வந்தால் விருச்சிகத்தின் கொடுக்கு வளைவு, அதுதான் மூலம். சென்னையில் இதே விருச்சிகம் உச்சத்தில் பாதி வானத்துக்கு மேல் ஏறி நிற்கும். இங்கே அட்சரேகை 41 டிகிரியைத் தாண்டிவிட்டதால் கேட்டை அதிகபட்சம் 22 டிகிரிதான் எழும்பும். நாற்காலியும் கூடார வாசலும் தெற்கைப் பார்த்திருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். மூலத்துக்கு இடப்பக்கம், தனுசு திசையில் பால்வீதி தடித்து வெளுத்து நிற்கும். முதல் முறை பார்ப்பவர்கள் மேகம் வந்துவிட்டது என்று வருத்தப்படுவார்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், அது நகராது. அதன் நடுவே ஓடும் கறுப்புப் பிளவுதான் தூசி.

பால்வீதியைப் பிடித்துக்கொண்டே மேலே வாருங்கள்: திருவோணம், உச்சிக்கு அருகில் அபிஜித். வடக்கே திரும்பினால் துருவ நட்சத்திரம், நம் ஊரில் அடிவானத்தை ஒட்டி இருப்பது இங்கே பாதி வானத்தில். வடமேற்கில் சப்தரிஷி மண்டலம். அதன் வாலில் இரண்டாவது நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. கல்யாணத்தில் விரல் நீட்டிக் காட்டிய அருந்ததியை இங்கே பாட்டி தாத்தாவே வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியும். பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் அழைத்து வாருங்கள். நாற்காலியும் கம்பளியும் மட்டும் கூடுதலாக எடுங்கள்.

பச்சை லேசரால் நட்சத்திரத்தைக் காட்டாதீர்கள். பக்கத்தில் யாராவது படம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் படத்தில் கோடு விழுந்துவிடும். கையால் காட்டினால் போதும்.

10. காலையில், கிளம்புவதற்கு முன்

முதலில் உண்ணிச் சோதனை. முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காது பின்புறம், தலைமுடி ஓரம். பெண் குழந்தைகளின் பின்னலைப் பிரித்துப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, தீக்குச்சி வைப்பது கூடாது. அது கக்கிவிட்டால் கிருமி உள்ளே போகும். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது இன்னொரு சோதனை.

கூடாரத்தைக் கடைசியில் மடியுங்கள். சாமான்களை எல்லாம் காரில் ஏற்றும்வரை அது வெயிலில் நிற்கட்டும், பனி கொஞ்சமாவது காயும். முளைகளை எண்ணி எடுங்கள். பிறகு இடத்தைச் சுற்றி ஒரு நடை. நூடுல்ஸ் கவரின் மூலைத் துண்டு, மிளகாய்க் காம்பு, டிஷ்யூ எல்லாம் உங்கள் பையில்தான் போக வேண்டும். ஆரஞ்சுத் தோல் மக்கிவிடும் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அதை மோந்து வரும் கரடி அடுத்து வருபவரின் கூடாரத்தைத்தான் கிளறும்.

நியூ ஜெர்சி, கிழக்குப் பென்சில்வேனியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பாட்டட் லான்டர்ன்ஃபிளை என்ற பூச்சி 2014-ல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் முதலில் தென்பட்டு, நம் பகுதிகளில் பெருகிவிட்டது. காய்ந்த சேறு பூசியதுபோல் அது முட்டையிடும். கூடாரப் பை, நாற்காலிக் கால், காரின் அடிப்பக்கம் எங்கும் இருக்கலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பார்த்துச் சுரண்டிவிடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அசதியில் கூடாரத்தைப் பையோடு கராஜில் போட்டுவிடத் தோன்றும். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, பிரித்து உலர்த்துங்கள். ஈரத்தோடு இருந்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து நாற ஆரம்பிக்கும். உள்பூச்சு உரிந்தால் அடுத்த மழைக்கு ஒழுகும். கராஜில் ஒரு கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவதே சுலபம். மடிப்பு ஓரங்களையும் ஜிப் அடியையும் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.